உறைந்த ஏரியில் நடக்கலாமா? காட்டேஜ் போகும் முன் குடும்பமாகப் பேச வேண்டியவை

டிசம்பர் கடைசி வாரம். டொரன்டோவிலிருந்து இரண்டு, மூன்று மணி நேரம் வடக்கே வண்டி ஓட்டினால் மஸ்கோகா, ஹாலிபர்டன் ஏரிகள். குடும்பத்துக்குச் சொந்தமானதோ, நண்பர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்ததோ, கரையோரம் ஒரு காட்டேஜ். உள்ளே ஹீட்டர், பிரியாணி, டிவி. வெளியே மைனஸ் 15 டிகிரி. முதல் நாள் முழுக்க யாரும் வாசலைத் தாண்டுவதில்லை. இரண்டாம் நாள், உட்கார்ந்து அலுத்துப்போன பிள்ளைகள் நேராக உறைந்த ஏரிக்கு ஓடுகிறார்கள்.

முதல் நாள் தேவையில்லாத பயம். இரண்டாம் நாள் தேவையான பயம் இல்லாமல் போனது. இரண்டையுமே மாற்ற முடியும்.

இந்தக் குளிரில் வெளியே போகணுமா?

போகணும். பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று நாள் காட்டேஜில் தினமும் ஒரு மணி நேரம் நடந்தாலே அந்தக் கணக்கு முடிந்துவிடும்.

ஆனால், நேரம் பார்க்கணும். டிசம்பரில் அங்கே மாலை ஐந்துக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். காலை 10 முதல் மதியம் 3 வரை வசதியான நேரம். வெப்பநிலையோடு காற்றையும் சேர்த்துச் சொல்லும் 'விண்ட் சில்' எண்ணைப் போனில் பாருங்கள். அது மைனஸ் 28-ஐத் தொட்டால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக்கூடும். அன்று உள்ளேயே இருந்துவிடலாம், தப்பில்லை.

உடலை ஒட்டி காட்டன் பனியன் வேண்டாம். அது வியர்வையைப் பிடித்துவைத்து, நின்றதும் உடம்பை நடுங்க வைக்கும். கம்பளி அல்லது சின்தெடிக் உள்ளாடை, அதன்மேல் ஃப்ளீஸ், வெளியே காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் என மூன்று அடுக்கு போதும். தாகம் தெரியாவிட்டாலும் தண்ணீர் குடிக்கணும்.

கரையிலேயே என்ன செய்யலாம்?

நிறைய இருக்கு. காட்டேஜ் சாலையில் நடை, ஸ்னோ ஷூ கட்டிக்கொண்டு காட்டுப் பாதை, கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங், பிள்ளைகளோடு மேட்டிலிருந்து சறுக்குவண்டி. புதைபனியில் நடப்பது சாதாரணத் தரையில் நடப்பதைவிட அதிக உழைப்பு. ஸ்கேட்டிங்தான் வேண்டுமென்றால், ஹன்ட்ஸ்வில் அருகே ஆரோஹெட் மாகாணப் பூங்காவில் காட்டுக்குள் 1.3 கிலோமீட்டர் ஸ்கேட்டிங் பாதை அமைக்கிறார்கள். அது தரைமேல் தண்ணீர் ஊற்றி உறைய வைத்தது. மூழ்கும் பயம் இல்லை.

பனி அள்ளுவது உடற்பயிற்சிதானே?

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, "சும்மா உட்கார்ந்திருக்கிறேனே, நான் அள்ளுறேன்" என்று மண்வெட்டியை எடுப்பார். தடுத்துவிடுங்கள். குளிர் ரத்தக் குழாய்களைச் சுருக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. அதே நேரத்தில் கனமான ஈரப்பனியைத் தூக்குவது இதயத்துக்குத் திடீர்ச் சுமை. பனி அள்ளும்போது மாரடைப்பு வரும் ஆபத்து பற்றி இதய நல அமைப்புகள் ஆண்டுதோறும் எச்சரிக்கின்றன. இதயநோய், பிரஷர், சுகர் உள்ளவர்களும், பழக்கமில்லாத பெரியவர்களும் இந்த வேலையை இளையவர்களிடம் விடுவதே நல்லது. இளையவர்களும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளணும், இடையிடையே நிற்கணும்.

ஏரியில் எப்போது இறங்கலாம்?

அளந்த பிறகு. கனடிய செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்கு இது: தனியாக நடக்க, ஸ்கேட் செய்ய 15 சென்டிமீட்டர்; கூட்டமாக விளையாட 20; ஸ்னோமொபைலுக்கு 25. துளைபோடும் 'ஆகர்' கருவியால் ஒரே இடத்தில் இல்லாமல், பல இடங்களில் அளக்கணும். பழக்கமில்லாதவர்கள் அளக்க இறங்குவதே ஆபத்து. அந்த ஏரியை அறிந்த உள்ளூர்க்காரர் துணை வேண்டும்.

நிறத்தையும் கவனியுங்கள். தெளிவான நீலநிற ஐஸ்தான் வலுவானது. வெள்ளை ஐஸுக்கு அதில் பாதி வலுதான். சாம்பல் நிறம் தெரிந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று பொருள், கால் வைக்கவே கூடாது. ஓடை கலக்கும் இடம், குறுகலான நீர்வழி, பாலத்தடி ஆகியவற்றில் நீரோட்டம் ஐஸை மெலிதாக்கும். படகுத்துறையைக் காப்பாற்ற சிலர் தண்ணீருக்கடியில் காற்றுக்குமிழி விடும் கருவி வைத்திருப்பார்கள். அதைச் சுற்றி ஐஸே இருக்காது. மேலே புதுப்பனி விழுந்தால் தெரியவும் தெரியாது.

"பக்கத்து வீட்டுக்காரர் நடந்த தடம் இருக்கே" என்பது அளவு ஆகாது. அவர் நடந்தது எந்த நாள், எந்தக் குளிரில் என்று நமக்குத் தெரியாது.

உள்ளே விழுந்துவிட்டால்?

மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் சொல்லித்தரும் கணக்கு 1-10-1. முதல் 1 நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்துங்கள். அடுத்த 10 நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். வந்த திசைக்கே திரும்பி, காலை உதைத்து, மார்பை ஐஸ்மேல் ஏற்றி உருண்டு வெளியேறுங்கள். எழுந்து நிற்காதீர்கள். குளிரில் நினைவிழக்க சுமார் 1 மணி நேரம் ஆகும். அதனால் பதறாமல் செயல்பட அவகாசம் உண்டு.

கரையில் இருப்பவர் ஓடிப்போய்க் கை கொடுக்கக் கூடாது. கயிறோ கம்போ நீட்டி, 911-ஐ அழைக்கணும். போன் சிக்னல் எங்கே கிடைக்கும், வாசல் பலகையில் உள்ள வீட்டு எண் என்ன என்பதை வந்த அன்றே எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்.

போன வருஷம் நடந்தோமே?

அந்த நம்பிக்கைக்கு இப்போது காலமில்லை. ஒட்டாவாவின் 7.8 கிலோமீட்டர் ரிடோ கால்வாய் ஸ்கேட்டிங் தளம் 1970-களின் தொடக்கத்திலிருந்து ஆண்டுதோறும் திறக்கப்பட்டு வந்தது. 2022-23 குளிர்காலத்தில், ஐஸ் போதிய அளவு உறையாததால், முதல்முறையாக ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. தினமும் அளக்க ஆள் வைத்திருக்கும் இடத்திலேயே இந்த நிலை. நம் காட்டேஜ் ஏரியை அளக்க நம்மைத் தவிர யாரும் இல்லை.

எனவே வண்டியில் சாமான் ஏற்றும் முன்பே குடும்பத்தில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அவர் சரி சொல்லும்வரை பெரியவர், சின்னவர் யாரும் ஐஸில் கால் வைக்கக் கூடாது. அதுவரை கரையில் நடங்க.