மானியமா, ஒப்பந்தமா? மெட்ரோ ரயில் கணக்கும் நமது டவுன் பஸ்ஸும்



பாப்பாரப்பட்டியில் கடை வைத்திருக்கும் நமக்கும் சென்னை மெட்ரோ ரயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். நமது ஊருக்கு ரயிலே இல்லை. தருமபுரிக்குப் போனால்தான் தண்டவாளத்தைப் பார்க்க முடியும். ஆனால் சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு, 118.9 கிலோமீட்டருக்கு, 63,246 கோடி ரூபாய் என்று 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்ததே, அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? நாம் மாதாமாதம் கட்டும் வரியும், அந்த வரியை நம்பி வாங்கும் கடனும்தான். எனவே கணக்குக் கேட்கும் உரிமை நமக்கும் உண்டு.

மெட்ரோவுக்கு மானியமே கூடாது என்பது எங்கள் வாதமல்ல. நகர ரயிலை டிக்கெட் காசில் மட்டும் கட்டி ஓட்டுவது அநேகமாக எங்கும் முடிந்ததில்லை. ஹாங்காங்கில் நிலையங்களை ஒட்டிக் கட்டடம் கட்டி, அந்த லாபத்தில் சமாளிக்கிறார்கள். அது விதிவிலக்கு. பணம் கொடுக்கத்தான் வேண்டும். எப்படிக் கொடுப்பது என்பதே கேள்வி.

இது நமக்குத் தெரியாத விஷயமல்ல. சேலத்துக்குப் புளி அனுப்புகிறோம். மூட்டைக்கு இவ்வளவு என்று பேசினால், மூட்டை குறைந்தால் நட்டம் லாரிக்காரருக்கு. முழு வாடகை பேசினால், வண்டி பாதி காலியாகப் போனாலும் நட்டம் நமக்கு. ஆனால் சொன்ன நேரத்துக்கு வண்டி வராவிட்டால் வாடகையில் பிடித்துக்கொள்வோம். மூன்றாவதாக ஒன்று உண்டு. சொந்தக்காரர் கடை நடத்துகிறார், வருஷக் கடைசியில் பேரேட்டைக் காட்டாமல் "இவ்வளவு துண்டு விழுந்துவிட்டது" என்கிறார், நாமும் வாய் பேசாமல் கட்டுகிறோம். முதல் இரண்டும் ஒப்பந்தம். மூன்றாவதற்குப் பெயர்தான் கேள்வி கேட்காத மானியம்.

ஹைதராபாத்தில் மூட்டைக் கணக்கு பேசினார்கள். கட்டும்போது ஒரு தொகை அரசு உதவி, நிலத்தில் வணிக வளாகம் கட்டும் உரிமை. பிறகு பயணி வந்தாலும் வராவிட்டாலும் எல் அண்டு டி நிறுவனத்தின் பாடு. 2017 நவம்பரில் ஓடத் தொடங்கியது. இடையில் கொரோனா வந்தது, கூட்டம் குறைந்தது, கடனுக்கு வட்டி மட்டும் ஏறியது. 2025 மே மாதம் கட்டணத்தை உயர்த்திப் பார்த்தும் தீரவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், சுமார் 13,000 கோடி ரூபாய் கடனோடு தெலங்கானா அரசே எடுத்துக்கொள்வதாக முடிவாயிற்று. தாங்க முடியாத நட்டத்தைத் தனியார் தலையில் எழுதி வைத்தாலும் கடைசியில் அது கஜானாவுக்கே திரும்பி வருகிறது.

லண்டனில் 2007ல் தொடங்கிய ஓவர்கிரவுண்ட் ரயிலுக்கு வேறு வழி. டிக்கெட் வருமானத்தில் பெரும்பகுதி நகர நிர்வாகத்துக்கு. ஓட்டுபவருக்குப் பேசிய தொகை. தாமதமானால் அதில் பிடித்தம். முழு வாடகைக் கணக்குதான். அதற்காக லண்டனில் எல்லாம் நன்றாக நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். அதே ஊரில் சுரங்க ரயிலைப் பராமரிக்க 30 ஆண்டு ஒப்பந்தம் போட்ட மெட்ரோநெட் என்ற நிறுவனம் 2007லேயே திவாலானது. காகிதத்தில் எழுதிவிட்டால் போதாது, மேற்பார்க்க ஆள் வேண்டும்.

சென்னையில் இரண்டாம் கட்டத்தை ஓட்டிப் பராமரிக்கும் பொறுப்பு டெல்லி மெட்ரோ நிறுவனத்துக்கு 12 ஆண்டுகளுக்கு, 5,870 கோடி ரூபாய்க்கு, 2024 நவம்பரில் தரப்பட்டது. தொகையும் காலமும் நமக்குத் தெரிகிறது. இது வரவேற்கத் தக்கதே. எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி, தவறினால் எவ்வளவு பிடித்தம் என்பதையும் ஆண்டுதோறும் தமிழில் வெளியிட்டால் இன்னும் நல்லது.

இந்திய ரயில்வேயின் புறநகர் வண்டிகளுக்கு இப்படி எதுவும் கிடையாது. பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் வசூலாகிறது என்று டிக்கெட்டிலேயே அச்சடித்துக் கொடுத்தார்கள். மீதியில் பெரும்பங்கை ஈடு செய்வது சரக்குக் கட்டணம். ரயிலில் வரும் சிமெண்டிலும் உரத்திலும் அது ஏறித்தான் நமது கடைக்கு வருகிறது. பம்பாயில் ஏறி இறங்குகிறவருக்கு நமது உர வியாபாரி சீட்டு எடுத்துக் கொடுக்கிறார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இப்போது நமது ஊருக்கு வருவோம். சாதாரண டவுன் பஸ்களில் மகளிருக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை. அந்தத் தொகையை அரசு தருகிறது. நல்ல திட்டம். நமது கடைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்குப் பேருதவி. ஆனால் இரவு கடைசி வண்டி வராத நாளில் யாரைக் கேட்பது? எந்த வண்டி என்று இங்கே எழுத வேண்டியதில்லை. கேட்டால் "அந்த டிரிப்பில் கலெக்‌ஷன் இல்லை" என்ற பதில்தான் வருகிறது. சீசன் நாளில், வாடிக்கையாளர் நிற்கும்போதே எட்டு மணிக்குப் பெண் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, முதலாளியே பொட்டலம் கட்டுகிறார்.

2025 ஜூனில் சென்னையில் விட்ட மின்சாரப் பஸ்களுக்கு, ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தனியாருக்குப் பணம் தருகிறார்கள். தனியாருக்கு விடுவது சரியா என்பதில் நமக்குள்ளேயே இரு கருத்து உண்டு. கிலோமீட்டரை எண்ணிக் காசு கொடுப்பதில் இரு கருத்து இருக்க முடியாது. அரசுக் கழகமே ஓட்டட்டும். தருமபுரி – பாப்பாரப்பட்டி தடத்துக்கும் நாளைக்கு எத்தனை நடை, கடைசி வண்டி எத்தனை மணிக்கு, வராவிட்டால் மானியத்தில் எவ்வளவு பிடித்தம் என்று எழுதி, பஸ் நிலையத்தில் பலகை வைக்கட்டும். 1941ல் நின்றுபோய், 2019ல் மறுபடி அடிக்கல் நாட்டப்பட்ட மொரப்பூர் – தருமபுரி ரயில் பாதையில் வண்டி ஓடும்போதும் இதையே கேட்போம். இக்கோரிக்கையை மாவட்ட ஆட்சியருக்கு மனுவாக அனுப்ப உள்ளோம். கடைசி வண்டி வராத தேதிகளைக் குறித்து வைத்திருக்கும் உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்துக்குள் சங்க அலுவலகத்தில் கொடுத்து உதவ வேண்டுகிறோம்.