சைவம் பேசுறோம், பி12 பத்தியும் பேசுவோமா?

கொஞ்சம் நீளமான பதிவு. முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

நம்ம கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு அண்ணன் போட்டிருந்தாரு: சைவ உணவில் எல்லாச் சத்தும் இருக்காம், பி12 என்பது மருந்து கம்பெனிக்காரன் கட்டிவிட்ட கதையாம். உடனே வரிசையா கைகூப்பு. நானும் பதினெட்டு வருசமா சைவம்தான். இதுக்கு நான் கைகூப்ப மாட்டேன்.

அன்னதான அடுப்படியில் எங்களோட காய் நறுக்குற அக்கா ஒருத்தவங்க, சில வருசத்துக்கு முன்னாடி பாலையும் தயிரையும்கூட விட்டுட்டாங்க. அப்புறம் மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, நாக்கு எரியுது. 'ரத்தம் கம்மி'ன்னு ஆளாளுக்கு பீட்ரூட், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து மாத்திரை. வாங்கிக் கொடுத்ததில் நானும் ஒருத்தன். கால் மரத்துப்போய், செருப்பு கழன்றதுகூட தெரியாம நடந்தப்போதான் கிளினிக் போனாங்க. சிவப்பணு அளவுக்கு மீறிப் பெருசா இருந்துச்சு, பி12 அடிமட்டம். ஊசி போட்டதும் ரத்தம் ஏறிடுச்சு. கால் உணர்ச்சி இன்னும் முழுசா திரும்பல.

செடிகொடி எதுவும் பி12 தயாரிக்காது. அதைச் செய்றது நுண்ணுயிர்கள். சைவத்துல நமக்குக் கிடைக்கிற வழி பால், தயிர்தான். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 2.4 மைக்ரோகிராம், ஒரு கிளாஸ் பாலில் ஏறக்குறைய 1 இருக்கும். 'தாத்தா காலத்துல மாத்திரையா போட்டாங்க?'ன்னு கேக்குறவங்க, தாத்தா வீட்டுல மோர் இல்லாத நாள் உண்டான்னு யோசிங்க.

தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருந்தா இது வராது, பயப்படாதீங்க. கல்லீரல் சில வருசத்துக்குச் சேர்த்து வைக்கும். அதனாலதான் குறையுறது லேசுல தெரியாது. இனிப்புநீருக்கு மெட்ஃபார்மின் பல வருசமா சாப்பிடுறவங்களுக்கு, கறி மீன் சாப்பிட்டாலும், பி12 குறையலாம். நம்ம ஆளுங்கள்ல எத்தனை பேர் அந்த மாத்திரை போடுறோம்!

இன்னொரு ஆபத்து ஃபோலிக் அமிலம். 1931இல் லூசி வில்ஸ் என்ற டாக்டரம்மா, பம்பாயில் கர்ப்பிணிகளின் ரத்தசோகை மார்மைட்டால் குணமானதை எழுதினாங்க. ஆமா, நம்ம ரொட்டியில் தடவுற அதே மார்மைட். அதில் வேலை செஞ்சது ஃபோலேட்னு பின்னாடி தெரிஞ்சது. ஆனா பி12 குறைஞ்சவங்க ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டா, ரத்தம் சரியான மாதிரி காட்டும். நரம்பு உள்ளே கெட்டுக்கிட்டே போகும்.

'அப்போ கறி திங்கச் சொல்றியா?' இல்லண்ணே. பி12 மாத்திரைக்கான சத்தை நுண்ணுயிரை வளர்த்துத்தான் எடுக்குறாங்க. கேப்சூலா இருந்தா மேலுறை ஜெலட்டினான்னு மட்டும் பாத்து வாங்குங்க, அது மிருகத்துலேருந்து வர்றது. எவ்வளவு போடணும்னு டாக்டரைக் கேளுங்க, என்னை இல்ல.

குழுவில் அந்தப் பதிவை எடுக்கச் சொல்லி மூணு நாளாச்சு. இன்னும் அங்கேயேதான் கிடக்கு.