ஜீப் ஏறும் நேரமும் வேலை நேரமே

இடுக்கி மாவட்டம் சக்குபள்ளம் ஊராட்சியின் ஏலத் தோட்டங்களில் காய் எடுக்கும் பெண்களில் கணிசமானோர் அந்த ஊராட்சியில் வசிப்பவர்களல்லர். தேனி மாவட்டத்தின் கம்பம், கூடலூர், உத்தமபாளையம் பகுதிகளில் விடியுமுன் ஜீப் ஏறுகிறார்கள். லோயர் கேம்ப் மலைச்சாலையின் வளைவுகளைக் கடந்து, குமுளி வழியாக அணக்கரைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு வந்து சேர்கிறார்கள். மாலையில் அதே ஜீப், அதே வளைவுகள். காலை ஆறு மணிக்கு ஏறியவர் மாலை ஆறரைக்கு இறங்கினால், அவருடைய நாளில் பன்னிரண்டரை மணி நேரம் தோட்ட முதலாளிக்காகச் செலவாகியிருக்கிறது. கூலி கணக்கிடப்படுவது செடியருகே குனிந்திருந்த நேரத்திற்கு மட்டுமே. எஞ்சிய நேரம் யாருடையது?

இதே கேள்விக்கு இந்தியாவில் ஒரு பிரிவு ஊழியர்களுக்குத் தெளிவான விடை கிடைத்திருக்கிறது. அவர்கள் விமானிகள். ஒவ்வொரு விமானிக்கும் ஒரு பணித்தளத்தை நிறுவனம் குறித்துக் கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்து பணித்தளத்திற்குச் செல்வது அவர் பொறுப்பு. ஆனால் அங்கு வந்தபின், வேறொரு விமான நிலையத்திலிருந்து விமானத்தை எடுக்கச் சொல்லி நிறுவனம் அவரை அனுப்பினால், அந்தப் பயணம் பணி நேரமாகவே கணக்கிடப்படும். காரில் சென்றாலும் பயணியாக விமானத்தில் சென்றாலும் இதுவே விதி. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் பணி நேர விதிகள் இதை ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகின்றன. 2025 டிசம்பர் 25 முதல் நவி மும்பை விமான நிலையமும் இயங்குவதால், ஒரே பெருநகரின் இரு நிலையங்களுக்கிடையே நெரிசலில் ஊர்ந்து செல்லும் நேரம் பற்றிய கேள்வி இனி அடிக்கடி எழக்கூடும். விடை விதியிலேயே இருக்கிறது.

இது தானாக வந்த சலுகையன்று. 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகரருகே ஒரு சிறு விமானம் விழுந்து 50 பேர் இறந்தனர். நியூயார்க் அருகிலுள்ள நூவர்க் பணித்தளத்தில் வேலை செய்த துணை விமானி, சொற்பச் சம்பளத்தில், நாட்டின் மறுகோடியான சியாட்டிலில் பெற்றோருடன் வசித்து வந்தார். முந்தைய இரவு முழுவதும் பயணம் செய்தே பணிக்கு வந்திருந்தார். களைப்பு இரு விமானிகளின் செயல்திறனையும் பாதித்திருக்கக்கூடும் என்றது விசாரணை. அதன் பின்னரே அங்கு ஓய்வு விதிகள் இறுக்கப்பட்டன. இந்தியாவிலும் விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர்நீதிமன்றம் வரை சென்றுதான் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தும் விதியை நடைமுறைக்குக் கொண்டுவர முடிந்தது. அவ்விதிகள் முழுமையாக நடைமுறைக்கு வந்த அடுத்த மாதமே, போதிய விமானிகளை வைத்திராத இண்டிகோ நிறுவனம் ஆயிரக்கணக்கான சேவைகளை ரத்து செய்தது. ஒன்றிய அரசு என்ன செய்தது? நிறுவனத்திற்கு விதிவிலக்கு வழங்கியது.

லட்சங்களில் ஊதியம் பெறும் விமானியை ஏலக்காய் பறிக்கும் பெண்ணோடு ஒப்பிடுவதா என்று தோழர்கள் கேட்கலாம். ஊதியத்தை ஒப்பிடவில்லை, கடிகாரத்தை ஒப்பிடுகிறோம். விமானி களைத்துப் போனால் பின்னால் இருக்கும் 180 பயணிகளுக்கு ஆபத்து. அதனால் அவரது களைப்பு சட்டத்தின் கண்ணில் பட்டது. காய் எடுப்பவரின் களைப்பில் அவரைத் தவிர வேறு யாருக்கும் நட்டமில்லை என்பதே முதலாளித்துவக் கணக்கு.

தோட்டச் சட்டத்திலும் இந்த இடைவெளி தெரிகிறது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஓய்வு இடைவேளையும் வேலைக்காகக் காத்திருக்கும் நேரமும் சேர்த்து ஒரு நாள் 12 மணி நேரத்தைத் தாண்டலாகாது என்றது. காத்திருப்பைக் கணக்கில் கொண்ட அச்சட்டம் ஜீப் பயணத்தை நினைத்துப் பார்க்கவில்லை. தொழிலாளி தோட்டத்து லயத்தில் குடியிருப்பார் என்ற அனுமானத்தில் எழுதப்பட்ட சட்டம் அது. லயம் கட்டிக் கொடுக்கும் செலவைத் தவிர்க்க விரும்பும் முதலாளிக்கு, எல்லைக்கு அப்பாலிருந்து வரும் ஜீப் மிகவும் வசதியானது.

இன்னொரு சட்டம் இதைவிடத் தெளிவாக இருந்தது. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர்ந்த தொழிலாளர் சட்டத்தின் 15ஆம் பிரிவு, ஒப்பந்ததாரர் மூலம் வேறு மாநிலத்துக்கு அழைத்துச் செல்லப்படும் தொழிலாளிக்குப் போகவர பயணப்படி வழங்க வேண்டும் என்றது. பயண நேரத்துக்கும், பணியில் இருந்ததாகவே கருதிக் கூலி கொடுக்க வேண்டும் என்றது. விமானிக்குரிய அதே கோட்பாடு! நாள்தோறும் வீடு திரும்புகிறவர்களுக்கு இது பொருந்தாது என்று ஒப்பந்ததாரர் வாதிடலாம். பொருந்தும் என்று வாதிடவும் இடமிருந்தது. 2025 நவம்பர் 21 அன்று மோடி அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அந்த இடத்தையும் அடைத்துவிட்டன. ஆண்டுக்கு ஒருமுறை சொந்த ஊர் சென்றுவரக் கட்டணம் என்பது மட்டும் மிஞ்சியது. பயண நேரக் கூலி சத்தமில்லாமல் காணாமல் போனது.

ஒரு விசித்திரத்தையும் பார்க்க வேண்டும். வேலைக்குச் செல்லும் வழியில் விபத்தில் இறந்த சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவரின் வழக்கில், அந்த மரணம் வேலையின் போக்கில் நேர்ந்ததே என்று 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும், வேலையோடு தொடர்பு நிரூபிக்கப்பட்டால் இழப்பீடு உண்டு. 2023 ஆகஸ்ட் 25 அன்று வயநாடு கண்ணோத்துமலையில், தேயிலை பறித்துவிட்டு வீடு திரும்பிய பெண்களின் ஜீப் பள்ளத்தில் கவிழ்ந்து ஒன்பது பேர் மாண்டனர். ஆக, சாலையில் இறந்தால் அது வேலை. உயிரோடு வந்து சேர்ந்தால் அது வேலையல்ல!

தொகுப்புகளை நடைமுறைப்படுத்த மாட்டோம் என்று கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு அறிவித்தது சரியான நிலைபாடு. ஆனால் பழைய சட்டம் உயிரோடிருந்த நாற்பதாண்டுகளுக்கு மேலான காலத்திலும் குமுளிச் சாலையில் அதன் 15ஆம் பிரிவு தென்படவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. வசிப்பிடம் தமிழ்நாட்டில், வேலை கேரளத்தில் என்பதால் தேனித் தோழர்கள் இடுக்கியையும், இடுக்கித் தோழர்கள் தேனியையும் பார்த்துக்கொண்டிருந்ததும் அதற்கொரு காரணம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பதற்றத்தில் எல்லை அடைபட்டபோதும், 2020இல் கொரோனா முடக்கத்தின்போதும் கூலியை இழந்தவர்கள் இதே ஜீப் தொழிலாளர்கள்தாம்.

கோரிக்கை சிக்கலானதன்று. தொழிலாளி வீட்டிலிருந்து தெருமுனைக்கு நடந்து வருவது அவருடைய நேரம். தோட்டம் அனுப்பும் ஜீப் அவரை ஏற்றிக்கொள்ளும் தெருமுனையே அவருடைய பணித்தளம். அங்கிருந்து வேலை நேரம் தொடங்க வேண்டும். ஜீப் வாடகை கூலியில் பிடிக்கப்படலாகாது. இருக்கைக்கு மேல் ஆளேற்றுவதற்கு ஓட்டுநர் மட்டுமல்ல, தோட்ட நிர்வாகமும் பொறுப்பேற்க வேண்டும்.

வருகைப் பதிவேடு கேட்டால் தோட்ட நிர்வாகங்கள் கைவிரிக்கலாம். ஆனால் எந்தத் தெருவில் எத்தனை பேர் ஏறினார்கள், யார் வரவில்லை என்ற கணக்கு ஆளழைத்துச் செல்பவரிடம் அன்றாடம் இருக்கிறது; அது இல்லாமல் அவருக்கே தொகை கிடைக்காது. கூலிப் பேச்சுவார்த்தைக்கு அமரும்போது தேனி, இடுக்கி தொழிற்சங்கங்கள் கூட்டாக முதலில் மேசைமீது வைக்கச் சொல்ல வேண்டியது அந்தக் கணக்கைத்தான்.