குளத்துக்கு ஒரு டிக்கெட்!

லைஃப் திடீர்னு தடம் மாறுதா? ஊட்டி, கொடைக்கானல்னு ஓட பர்ஸ் இடம் கொடுக்கலையா? டவுன் பஸ் போதுங்க!

அவிநாசியில எங்க வீட்டுத் தறிகளை இந்த வருஷம் வித்தாச்சு. பொறந்ததுல இருந்து கேட்ட தறிச் சத்தம் நின்னதும் எனக்குத் தூக்கம் வரலை. அப்பா பேச்சையே குறைச்சுட்டார். ஞாயித்துக்கிழமை ஆனா, செல்போனோட நான் பஸ் ஏறிடுவேன்.

திருப்பூர்ல இறங்கி ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் போனா, நஞ்சராயன் குளம். சாயப்பட்டறை ஊர்ல பறவையான்னு சிரிக்காதீங்க. 2024-ல ராம்சார் பட்டியல்ல இடம்பிடிச்ச சரணாலயம் இது! இமயமலையைத் தாண்டிப் பறக்கிற வரித்தலை வாத்துகூட குளிர்காலத்துல இங்கே கெஸ்ட். தலையில ரெண்டு கறுப்புக் கோடு இருந்தா, அதேதான்.

எடுத்த படத்தை அப்பாகிட்ட நீட்டினேன். ''இதென்ன பறவை கண்ணு?''ன்னார். அன்னிக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும் பேசினோம்.

நீங்களும் கிளம்புங்க. வெயில் ஏறுறதுக்குள்ள போயிடுங்க. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். வாராவாரம் ஒரே கரையில நின்னு க்ளிக்குங்க. நாலாவது வாரம் நாலு படத்தையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. தண்ணி, புல்லு, பறவை எல்லாமே மாறியிருக்கும். ஆனாலும், அது அழகாத்தான் இருக்கும்!