நரேலாவுக்கு மெட்ரோ: தண்டவாளத்துடன் முடிவதில்லை கடமை

புதுதில்லி: தலைநகரின் வடமேற்கு எல்லையில் உள்ள பவானா, நரேலா பகுதிகளை இணைக்கும் மெட்ரோ ரயில் வழித்தடத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 டிசம்பர் 6-ஆம் தேதி ஒப்புதல் அளித்தது. ரிட்டாலாவில் தொடங்கி, ஹரியானாவின் குண்ட்லியை ஒட்டிய நாதுபூரில் முடியும் இத்தடத்தின் நீளம் 26.463 கி.மீ. மதிப்பீடு ரூ.6,230 கோடி. மொத்தம் 21 நிலையங்கள் அமையவுள்ளன. ஒப்புதல் நாளில் இருந்து 4 ஆண்டுகளில் பணிகளை முடிக்க இலக்கு நிர்ணயிக்கப்பட்டுள்ளது.

இந்த அறிவிப்புக்குப் பின்னால் நீண்ட காத்திருப்பு உண்டு. ரிட்டாலா நிலையம் 2004 மார்ச்சில் திறக்கப்பட்டது. அதன்பின் மெட்ரோ ரயில் நொய்டா, குருகிராம், ஃபரீதாபாத் என மாநில எல்லைகளைக் கடந்து சென்றது. ஆனால், தில்லிக்கு உள்ளேயே இருக்கும் நரேலாவை எட்டவில்லை.

ரிட்டாலா நிலையம் திறக்கப்பட்ட அதே 2004-ஆம் ஆண்டில்தான் யமுனைக் கரையின் புஷ்தா குடிசைப் பகுதிகள் அகற்றப்பட்டு, அங்கிருந்த குடும்பங்களில் ஒரு பகுதியினர் பவானாவில் மறுகுடியமர்த்தப்பட்டனர். மனை கிடைத்தது, பிழைப்போ நகரின் மையத்திலேயே இருந்தது. வீட்டு வேலை, சுமைப்பணி, சிறு வியாபாரம் ஆகியவற்றை நம்பியிருந்தவர்களின் நாளில் பெரும் பகுதியைப் பேருந்துப் பயணம் விழுங்கியது. நரேலாவில் தில்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய ஏராளமான வீடுகள் பல ஆண்டுகளாக விற்காமல் கிடந்ததற்கும் போக்குவரத்து வசதிக் குறைவே முக்கியக் காரணங்களில் ஒன்றாகக் கூறப்பட்டது. முதலில் குடியிருப்பு, பிறகு போக்குவரத்து என்ற வரிசையின் விளைவு இது.

எனினும், ரயில் வந்துவிட்டாலே குறை தீர்ந்துவிடாது. 2025 ஆகஸ்டில் திருத்தப்பட்ட கட்டணப்படி, வார நாள்களில் 21 முதல் 32 கி.மீ. வரையிலான பயணத்துக்கு ரூ.54 செலுத்த வேண்டும். தள்ளுபடி இல்லாமல், சென்று திரும்ப ரூ.108. தினக்கூலி பெறுவோருக்கு இது சிறிய தொகை அல்ல. தில்லி அரசுப் பேருந்துகளில் பெண்களுக்கு 2019 அக்டோபரில் அறிமுகமான இலவசப் பயணம் மெட்ரோ ரயிலுக்கு விரிவுபடுத்தப்படவில்லை. எனவே, நேரத்தை மிச்சப்படுத்தும் ரயிலா, பணத்தை மிச்சப்படுத்தும் பேருந்தா என்ற கேள்வி பவானாவின் உழைக்கும் பெண்கள் முன் நிற்கும்.

நிலையத்தில் இருந்து வீடு வரையிலான பயணமும் முக்கியம். ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் 5 கி.மீ. பரப்பை இணைப்புப் பேருந்துகள், நடைபாதை, மிதிவண்டித் தடம் வழியாக இணைக்கத் திட்டமிட வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கை. மறுகுடியமர்வுக் குடியிருப்புகளின் குறுகிய தெருக்களுக்கும் தொழிற்பேட்டை வாயில்களுக்கும் அந்த இணைப்பு சென்றடைய வேண்டும்.

வழித்தடப் பணிகள் நடைபெறும் காலத்திலேயே இணைப்புப் பேருந்துகளையும் கட்டணச் சலுகையையும் அரசு முடிவு செய்தாக வேண்டும். இல்லையெனில், இருபது ஆண்டுகள் காத்திருந்த மக்களின் தலைக்கு மேல், அவர்களை ஏற்றிக்கொள்ளாமலேயே ரயில் கடந்து போகும்.