பம்பர் உடைஞ்சா உடனே கிளெய்ம் போடணுமா?

போன மாசி மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல தோட்டத்துக்கு வந்தேன். களத்துல டிராக்டர் டிரெய்லர் நின்னதால காரைத் திருப்ப இடமில்லை. ரிவர்ஸ் எடுத்தேன். "பார்த்துங்க, பின்னால கல்லுக்கால் இருக்குது"ன்னு வீட்டுக்காரம்மா சொல்லி முடிக்கலை, டமார்னு ஒரு சத்தம். அந்தக் கல்லுக்கால் எங்கப்பா நட்டது. நாற்பது வருசமா அதே இடத்துலதான் நிக்குது. நகர்ந்து போய் இடிச்சது நான்தான். அதனால யாரையும் திட்டறதுக்கு வழியில்லாம போச்சு.

காலையில வெளிச்சத்துல பார்த்தேன். பின் பம்பர் பிளந்திருந்தது. ஒரு பக்க லைட்டு நொறுங்கியிருந்தது. டிக்கி கதவு உள்ள போயிருந்தது. பழைய ஆல்டோதான். ஆனாலும் நம்ம காசுல வாங்கின வண்டி, பார்க்கப் பார்க்க மனசு ஆறலை.

சேதி கேட்டு வந்தவங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னாங்க. "இன்சூரன்ஸ் இருக்குதில்ல, கிளெய்ம் போடு. வருசா வருசம் கட்டற காசு சும்மாவா போகணும்?" எனக்கும் அது நியாயமாத்தான் பட்டது. ஆனா, மஞ்சள் விக்கப் போனாலே நாலு இடத்துல விலை கேட்டுட்டு விக்கற ஆளு நான். இதுக்கு மட்டும் கணக்குப் பார்க்காம இருப்பேனா? ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். அந்தக் கணக்கைத்தான் உங்ககிட்ட சொல்லப் போறேன். டவுன்ல கார் வெச்சிருக்கற உங்களுக்குத்தான் இது அதிகம் உதவும்.

முதல்ல பாலிசியை எடுத்துப் பாருங்க. தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தா, நாம இடிச்ச அடுத்தவங்களுக்குத்தான் அது. நம்ம வண்டிக்கு ஒரு ரூபா கிடைக்காது. சட்டத்துல கட்டாயம் அது ஒண்ணுதான்கறதால, செலவு குறையட்டும்னு எங்க ஊர்ல பாதிப் பேரு அதோட நிறுத்திக்கறாங்க. இடிச்ச பிறகுதான் அது தெரியவருது. என்னுது முழு பாலிசி. அதனால கணக்குப் போட முடிஞ்சது.

ஒர்க்‌ஷாப்புல கொடுத்த எஸ்டிமேட் 9,200 ரூபாய். புது பம்பர் 3,000, லைட்டு 1,200, டிங்கர் வேலைக்கூலி 1,000, பெயின்டிங் 4,000. இது மொத்தமும் கம்பெனி கொடுக்கும்னுதான் நான் நினைச்சேன். அப்படி இல்லைங்க. தேய்மானம்னு ஒண்ணு இருக்குது. பிளாஸ்டிக், ரப்பர் சாமானுக்கு வண்டி எத்தனை வயசானாலும் பாதிதான். இரும்பு, தகரத்துக்கு வண்டி வயசு ஏற ஏறக் கழிவும் ஏறும். அஞ்சு வருசம் தாண்டினா நூத்துக்கு நாற்பது, பத்து தாண்டினா பாதி. கண்ணாடிக்கு மட்டும் கழிவு கிடையாது. பெயின்டிங் பில்லுல கால் பங்கைப் பெயின்ட் விலைன்னு வெச்சு, அதுல பாதியைக் கழிப்பாங்க. அப்ப பம்பர்ல 1,500, லைட்டுல 600, பெயின்டிங்குல 500 போச்சு. மீதி 6,600. 1500 சிசிக்கு உட்பட்ட காருக்கு ஒவ்வொரு கிளெய்முலயும் முதல் ஆயிரம் ரூபா நம்ம கைக்காசு. ஆக, என் கைக்கு வர்றது 5,600.

சரி, 5,600 வந்தா லாபம்தானேன்னு கேப்பீங்க. நோ கிளெய்ம் போனஸ்ங்கற இடத்துலதான் விசயம் இருக்குது. ஒரு வருசம் கிளெய்ம் போடலைன்னா, அடுத்த வருசம் நம்ம வண்டிச் சேதத்துக்குக் கட்டற பிரீமியத்துல 20 சதவீதம் தள்ளுபடி. அப்புறம் 25, 35, 45, அஞ்சு வருசம் ஆனா 50. தேர்ட் பார்ட்டி பிரீமியத்துல தள்ளுபடி கிடையாது. ஒரே ஒரு கிளெய்ம் போட்டா, அது சின்னதோ பெருசோ, அடுத்த வருசம் பூஜ்யம். பரமபதத்துல பாம்பு கடிச்ச மாதிரி மறுபடி கீழ இருந்து ஏறணும்.

எனக்கு இப்ப 35 ஓடிட்டு இருக்குது. வர்ற வருசம் 45 ஆகும். தள்ளுபடி போகறதுக்கு முன்னால அந்தப் பிரீமியம் சுமார் 6,000 ரூபான்னு வெச்சுக்கங்க. கிளெய்ம் போட்டா முதல் வருசம் 45க்குப் பதில் பூஜ்யம், நட்டம் 2,700. அடுத்த வருசம் 50க்குப் பதில் 20, நட்டம் 1,800. அப்புறம் 25தான் கிடைக்கும், நட்டம் 1,500. அதுக்கடுத்து 900, கடைசியா 300. கூட்டினா 7,200. வண்டி மதிப்பு வருசா வருசம் இறங்கறதால கொஞ்சம் குறையலாம். பிரீமியத்து மேல ஜிஎஸ்டி இருக்கறதால கொஞ்சம் ஏறலாம். எப்படிப் பார்த்தாலும், 5,600 வாங்கறதுக்காக 7,000 பக்கம் விடறது எந்த ஊரு வியாபாரம்?

புது வண்டிக்காரங்க பலபேரு தேய்மானம் கழிக்காத பாலிசி வெச்சிருப்பீங்க. உங்களுக்கு வர்ற தொகை கூடும், ஆனா போனஸ் போகறது போகறதுதான். போனஸைக் காப்பாத்தறதுக்குன்னு தனியா காசு கட்டியிருந்தா மட்டும் கணக்கு மாறும். அதையும் பாலிசியில பார்த்துக்கங்க.

அதனால நான் கிளெய்ம் போடலை. எங்க ஊரு டிங்கர்கிட்ட விட்டேன். பம்பரைச் சூடு வெச்சு ஒட்டி, கதவை உள்ளிருந்து தட்டி எடுத்து, பட்டி பார்த்துப் பெயின்ட் அடிச்சு, லைட்டு மட்டும் புதுசு போட்டு, 5,500 ரூபாயில முடிச்சுக் கொடுத்துட்டாரு. வெயில்ல உத்துப் பார்த்தா நிறம் ஒரு மாத்து கம்மியாத் தெரியும். இருந்துட்டுப் போகட்டும்.

இதுக்காக எல்லாத்தையும் கைக்காசுல பாருங்கன்னு நான் சொல்லலை. போன வருசம் என் பங்காளி ஒருத்தர் வாய்க்கால் பாலத்துக் கல்லுல வண்டியை ஏத்தி, அடியில ஆயில் சேம்பரை உடைச்சுட்டாரு. ஆயில் ஒழுகறது தெரிஞ்சும், "மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்"னு டவுன் வரைக்கும் ஓட்டினாரு. போகற வழியிலயே இன்ஜின் இறுகிப் போச்சு. சேம்பர் உடைஞ்சது விபத்து, அதுக்குப் பணம் உண்டு. ஆயில் இல்லாம ஓட்டி இன்ஜினைக் கெடுத்தது நீங்கன்னு சொல்லி, பெரிய தொகையை கம்பெனி தரலை. அங்கேயே நிறுத்தி, போன் போட்டுச் சொல்லி, கட்டி இழுத்துட்டுப் போயிருந்தா ஆயிரக்கணக்குல மிச்சமாயிருக்கும். அந்த மாதிரி பெரிய சேதத்துக்குத்தான் இன்சூரன்ஸ். அடிபட்டா உடனே தகவல் சொல்லுங்க, போட்டோ எடுங்க, சர்வேயர் பார்க்கறதுக்கு முன்னால எதையும் கழட்ட விடாதீங்க. லைசென்ஸ் இல்லாத பையன் கையில சாவியைக் கொடுக்காதீங்க.

கடைசியா, என் மனசை உறுத்தின ஒரு விசயம். எஸ்டிமேட் போட்ட இடத்துல ஒருத்தர் சொன்னாரு: "அண்ணா, பழைய கீறல் எல்லாத்தையும் சேர்த்து ஒரே விபத்துன்னு எழுதிடலாம். நிறுத்தி வெச்ச வண்டியில யாரோ இடிச்சுட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லிடுங்க. நாலு பக்கமும் புதுசாயிடும்." நல்ல பையன்தான், எனக்கு உதவறதா நினைச்சுத்தான் சொன்னான். ஒரு நிமிசம் எனக்கும் ஆசை வந்தது, மறைக்கலை.

ஆனா நான் பயிர்க் காப்பீடும் கட்டறவன். அதுல பெரும்பாலும் என் வயலைத் தனியா வந்து பார்க்கறதில்லை. அந்தப் பகுதியில சில வயல்ல அறுத்து எடை போட்டு, சராசரி விளைச்சல் எவ்வளவுன்னுதான் கணக்கு. என் நெல்லு படுத்துக் கிடக்க, ஊரு சராசரி நல்லா இருந்தா எனக்கு ஒண்ணுமில்லை. அப்பல்லாம் டீக்கடையில உட்கார்ந்து, "உள்ளதை உள்ளபடி எழுத மாட்டேங்கறாங்களே"ன்னு புலம்பறவன் நான். காருக்குன்னா எனக்காக ஒரு ஆளு நேர்ல வந்து பார்க்கறாரு. அவர்கிட்டயே கல்லுக்காலை மறைச்சுட்டு, யாரோ இடிச்சதா எழுதிக் கொடுத்துட்டு, அடுத்த வருசம் எந்த வாயால புலம்பறது? அதுவும் போக, பொய்னு கண்டுபிடிச்சா கிளெய்மையே தள்ளிடுவாங்க.

என் கணக்கு இவ்வளவுதான். சேதம் ஆனா ஒரு நாள் பொறுங்க. கைக்கு வர்றது எவ்வளவு, போனஸ்ல போகறது எவ்வளவுன்னு ரெண்டையும் எழுதிப் பாருங்க. வர்றது பெருசுன்னா தயங்காம கிளெய்ம் போடுங்க, அதுக்குத்தான் காசு கட்டறோம். சின்னதுன்னா கைக்காசுல முடிச்சுட்டுப் போங்க. எதுவா இருந்தாலும், நடந்ததை நடந்தபடி எழுதுங்க.

கல்லுக்காலுக்கு இப்ப வெள்ளைச் சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்கறேன், ராத்திரியில கண்ணுக்குத் தெரியட்டும்னு. "நாற்பது வருசமா தோணாதது இப்பத்தான் தோணுச்சா"ன்னு வீட்டுக்காரம்மா கேக்கறாங்க. அதுக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்லைங்க.