127 டிகிரியாம்! கம்ப்யூட்டர் காட்டும் ‘காய்ச்சல்’ கணக்கை நம்பலாமா?

கத்திரி வெயில் வந்துவிட்டால் மனிதர்களுக்கு மட்டும் அல்ல; மேஜைக்கு அடியில் கிடக்கிற கம்ப்யூட்டருக்கும் காய்ச்சல் வந்துவிடுகிறது.

“சூடு அதிகம்!” என்று திரையில் சிவப்பு எழுத்து. ‘கீ... கீ...’ என்று சத்தம். கடைக்காரருக்கு ‘பகீர்’ என்கிறது.

அந்த எச்சரிக்கை நிஜமா, பொய்யா?

இது தெரியாமல் நம் ஊரில் இரண்டு விதமாக ஏமாறுகிறார்கள். பொய் எச்சரிக்கையை நம்பிப் பணத்தைத் தொலைக்கிறவர் ஒரு வகை. நிஜ எச்சரிக்கையை “சும்மா கத்துது, விடு” என்று தள்ளிவிட்டு மாட்டிக்கொள்கிறவர் இன்னொரு வகை.

திருவல்லிக்கேணியில் எனக்குப் பழக்கமான ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி இரண்டு வகையிலும் சேர்ந்தார்!

“போர்டு போச்சு!”

போன வருஷம் அவர் மகன், சூடு பார்க்கிற இலவச புரோகிராம் ஒன்றைக் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். திரையில் வரிசையாக எண்கள். 41, 44, 38... எல்லாம் சரி. ஒரே ஒரு வரியில் மட்டும் 127 டிகிரி!

“ஏலே, தண்ணியே நூறுல கொதிச்சிருமே. இது எப்படிலே உசிரோட இருக்கு?” என்றார் அண்ணாச்சி.

கேட்டாரே ஒரு கேள்வி! சரியான கேள்வி. ஆனால், பதிலுக்குக் காத்திருக்காமல் பழுது பார்க்கிறவரைக் கூப்பிட்டுவிட்டார். வந்தவர் திரையைப் பார்த்தார். பெட்டியைத் திறக்கவில்லை. “அண்ணாச்சி, போர்டு போச்சு. மாத்தணும்” என்றார். 6 ஆயிரம் ரூபாய் கைமாறியது.

பதினைந்து நாள் கழித்து மகன் அதே புரோகிராமைத் திறந்து பார்த்தான். புது போர்டிலும் ஒரு வரி. அதே 127!

உளறுவது யார்?

விஷயம் இதுதான். சூட்டையும், ஃபேன் சுற்றுகிற வேகத்தையும் கண்காணிக்க மதர்போர்டில் ஒரு சின்ன சில்லு இருக்கிறது. அதற்குப் பல கால்கள். சூட்டை அளக்கிற ஒவ்வொரு காலும் ஒவ்வொரு இடத்துச் சூட்டைச் சொல்லும். போர்டு செய்கிற கம்பெனிகள் எல்லாக் கால்களையும் இணைப்பது இல்லை. வேண்டியதை இணைத்துவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். எதிலும் சேராத அந்தக் கால் வாய்க்கு வந்ததை உளறும். பல சில்லுகளுக்கு 127-தான் உச்ச எண். அதற்கு மேல் எண்ணத் தெரியாது. அதனால்தான் 127! சில மெஷின்களில் மைனஸ் 128 என்று கூட வரும். மெட்ராஸ் வெயிலில் ஐஸ்!

எந்தக் கால் இணைத்தது, எது இணைக்காதது என்று புரோகிராமுக்குத் தெரியாது. கிடைத்ததை எல்லாம் திரையில் போட்டுவிடுகிறது.

சரி, பிராசஸர் தரும் எண்ணாவது வேதவாக்கா? அதுவும் இல்லை. இன்டெல் பிராசஸர், ‘எனக்கு இத்தனை டிகிரி’ என்று சொல்வது இல்லை. ‘ஆபத்து எல்லைக்கு இன்னும் இத்தனை டிகிரி பாக்கி’ என்றுதான் சொல்கிறது. எல்லையில் இருந்து அதைக் கழித்து புரோகிராம் காட்டுகிறது. எல்லையைத் தப்பாகப் போட்டால் விடையும் தப்பு. 2006-ல் கோர் 2 டியோ வந்த புதிதில், எல்லை 85-ஆ, 100-ஆ என்று குழப்பம். ஒரே மெஷினை இரண்டு புரோகிராம்கள் பார்த்து 15 டிகிரி வித்தியாசம் சொன்ன கூத்தெல்லாம் நடந்தது.

2017-ல் வந்த ஏஎம்டி ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டும் இன்னும் வேடிக்கை. நிஜச் சூட்டோடு 20 டிகிரியைக் கூட்டிக் காட்டின. எல்லா மாடலிலும் ஃபேன் ஒரே மாதிரி சுற்ற வேண்டும் என்பதற்காகக் கம்பெனியே செய்த ஏற்பாடு அது. காசு கொடுத்து வாங்கினவர்கள் பதறிப்போனார்கள்.

புலி வந்தது!

உண்மை தெரிந்த பிறகு அண்ணாச்சிக்குக் கோபம். “இனிமே இந்தப் பெட்டி என்ன கத்தினாலும் கேக்க மாட்டேன்” என்று அந்த புரோகிராமையே எடுத்துவிட்டார்.

இந்த மே மாதம் புலி நிஜமாகவே வந்தது.

முதலில் மெஷின் மந்தமாக ஓடியது. ஃபேன் பஸ் மாதிரி இரைந்தது. திறக்கும்போதே கறுப்புத் திரையில் ஒரு எச்சரிக்கை வரி. அண்ணாச்சி பட்டனைத் தட்டித் தாண்டிப் போனார். ஒரு வாரம் இப்படியே ஓடியது.

அன்று அரசுத் தேர்வு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். மேன்ஷன் பையன்கள் கடை வாசலில் வரிசை. ராத்திரி 11 மணி. ஒரு பையன் போட்டோ ஏற்றி, கையெழுத்து ஏற்றி, பணம் கட்டுகிற கட்டத்துக்கு வந்தான். ‘டப்’ என்று மெஷின் அணைந்தது. மறுபடி போட்டார்கள். ஐந்து நிமிஷம். மறுபடி ‘டப்’. பையன் அடுத்த தெருவுக்கு ஓடினான். அங்கேயும் கூட்டம். 12 மணி அடித்துவிட்டது.

அவனுக்கு வயசு வரம்பில் அதுதான் கடைசி வருஷம்.

மறுநாள் பெட்டியைத் திறந்தபோது நானும் இருந்தேன். பிராசஸர் மேல் இருக்கிற ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி தூசி. தடவியிருந்த பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. போதாக்குறைக்குப் பெட்டியைச் சுற்றிப் பூப்போட்ட துணி உறை. “தூசி படக் கூடாதுன்னு வீட்டுல தச்சுக் குடுத்தாங்க” என்றார் அண்ணாச்சி. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எப்படிப் பார்ப்பது?

கடையைத் திறந்து மெஷினைப் போட்டதும் எண்ணைப் பாருங்கள். ராத்திரி முழுக்க அணைந்து கிடந்தாலும், காற்றில் ஆறுகிற மெஷின் அறைச் சூட்டுக்குக் கீழே போகவே முடியாது. அறை 34 டிகிரியில் வேகிறபோது திரை 20 என்றால் அந்த எண் பொய்.

அப்புறம் ஒரு பெரிய வேலை கொடுங்கள். எண் ஏற வேண்டும். வேலை முடிந்ததும் இறங்க வேண்டும். என்ன செய்தாலும் ஒரு டிகிரி கூட நகராமல் குத்துக்கல்லாக நிற்கிற எண்ணை மறந்துவிடுங்கள்.

காற்று வெளியே வருகிற இடத்தில் கையை வையுங்கள். எண்ணும் அதிகம், காற்றும் அனல் என்றால் சந்தேகமே வேண்டாம். எண் 90-ஐத் தாண்டுகிறது, காற்று மட்டும் குளிர்ச்சி என்றால்தான் ஆபத்தான இடம். எண் பொய்யாகவும் இருக்கலாம்; ஹீட் சிங்க் பிராசஸரை விட்டு விலகி, சூடு உள்ளேயே அடைபட்டும் இருக்கலாம். மெஷினைப் போட்ட அரை நிமிஷத்தில் எண் விர்ரென்று ஏறினால் உடனே அணைத்துத் திறந்து பார்க்க வேண்டியதுதான். பயாஸ் திரையிலும் அதே எண் வருகிறதா என்று ஒப்பிடலாம்.

அதற்காக 90 என்றாலே கையை உதற வேண்டியதும் இல்லை. 2022-ல் வந்த ரைசன் 7000 வகையில், முழு வேலையில் 95 வரை போவது எங்கள் திட்டப்படிதான் என்று கம்பெனியே சொன்னது.

எந்த புரோகிராமும் இல்லாமல் தெரிகிற அடையாளம் ஒன்று உண்டு. சூடு எல்லையைத் தொட்டால் பிராசஸர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் மெஷினையே அணைத்துவிடும். இதற்கு அது திரையில் ஓடுகிற எண்ணைக் கேட்பது இல்லை. தன் சூட்டைத் தானே அளந்துகொள்கிறது. அதனால் வேலை நேரத்தில் அணைந்து, ஆறினதும் ஓடி, மறுபடி அணைந்தால் முதல் சந்தேகம் சூடுதான். (பவர் சப்ளை கெட்டாலும் அணையும். ஆனால் ஆறினதும் சரியாகிறதா என்று பாருங்கள்.)

யாரைக் கேட்பது?

பழுது பார்க்கிறவர்கள் மீது எனக்கு ஒரு வருத்தம். ரிச்சி தெருவில் நாணயமாகத் தொழில் செய்கிறவர்கள் நிறைய பேர் உண்டு. ஆனால், பிரஷ்ஷை எடுப்பதற்கு முன்பே “போர்டு போச்சு” என்கிறவர்களும் இருக்கிறார்கள். “முதல்ல தூசி தட்டுங்க. பேஸ்ட் மாத்துங்க. அப்புறம் அதே வேலையைக் குடுத்து எண்ணைக் காட்டுங்க” என்று கேட்கிற உரிமை காசு கொடுக்கிறவருக்கு இருக்கிறது. பேஸ்ட் டியூப் சில நூறு ரூபாய்தான்.

புரோகிராம் எழுதுகிற மகராசர்கள் மட்டும் யோக்கியமா? 127 என்று ஆடாமல் அசையாமல் நிற்கிற வரியைச் சிவப்பில் காட்டுவானேன்? ‘இணைப்பு இல்லை’ என்று இரண்டு வார்த்தை போட்டால் கை வலிக்குமா?

ஆபீஸ்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. மேஜையின் மர அறைக்குள் கம்ப்யூட்டரை அடைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். 2003 மே மாதக் கடைசியில் இந்தச் சென்னையில் வெயில் 45 டிகிரியைத் தொட்டது. வெளியே அப்படி என்றால் அந்தக் கதவுக்குள் என்ன கதி?

அண்ணாச்சி கடையில் இப்போது துணி உறை இல்லை. அந்தப் பையன் நாலு நாளைக்கு முன்னால் பயோடேட்டா ஜெராக்ஸ் எடுக்க வந்தானாம். தனியார் கம்பெனிகளுக்கு அனுப்ப. “பத்து காப்பி எடுத்துக் குடுத்தேன். காசு வாங்க மனசு வரல” என்றார் அண்ணாச்சி.